தாளு மேஸ்திரி

அவசரமென்று அவரைக் கூப்பிட்டவர்களுக்கு வயிறு எரியாமல் இருந்ததில்லை. கிணற்றில் எஞ்சின் நின்றுபோய், வயலில் பயிர் சுருண்டு, நிலத்துக்காரன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பான். இவர் வருவார். சைக்கிளை வேப்பமரத்தில் சாய்ப்பார். கேரியரில் கட்டிய சாமான் பையை அவிழ்க்க மாட்டார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சூடு இருக்குதுங்க, ஆறட்டும்" என்று குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். கலெக்டரே வந்து நின்றாலும் அது ஆறும்வரை ஸ்பேனரைத் தொட மாட்டார்.

எனக்கோ பிறவியிலேயே பொறுமை கிடையாது. பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்கத் தெரியாதவள் நான். அப்படிப்பட்டவளுக்கு அப்படிப்பட்ட மெக்கானிக் வந்து வாய்த்தார் பாருங்கள்.

எங்கள் ஊர் பொம்மிடிப் பக்கம். மாடு கட்டிக் கவலையால் தண்ணீர் இறைத்த கிணறுகளில் ஒவ்வொன்றாக ஆயில் எஞ்சின் வந்து இறங்கிய காலம் அது. கவலை போய் எஞ்சின் வந்தது; கவலை மட்டும் போகவில்லை என்று எங்கள் மாமா சொல்லுவார். எஞ்சின் வந்தால் மெக்கானிக்கும் வரவேண்டுமே. அப்படி வந்தவர்களில் இவர் ஒருவர். ஓசூருக்கு அந்தப் பக்கம், எல்லையோரத்து ஊர்க்காரர். வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். ஒல்லியான ஆள். தலையில் எப்போதும் ஒரு ஈரத்துண்டு.

எனக்குக் கல்யாணமான புதிது. அடுப்படிப் பின்வாசலில் வந்து நின்று பழைய துணி கேட்டார். "எஞ்சின் ஆச்சாங்க?" என்றேன். "தாளி அக்கா, தாளி" என்றார்.

"கொழம்பே இன்னும் கொதிக்கல, அதுக்குள்ள எங்கங்க தாளிக்கறது?" என்று கேட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் வாசலில் விழுந்து விழுந்து சிரித்தார். "அடியே, தாளின்னா அவங்க பேச்சுல பொறுன்னு அர்த்தம்டி." மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. பாவம், குழம்புக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தபடி நின்றார். பெரியவர்களிடம் தாளி, மற்றவர்களிடம் தாளு. இந்த ஒரு சொல்லை வைத்தே ஊர் அவருக்குத் தாளு மேஸ்திரி என்று பேர் வைத்துவிட்டது. சொந்தப் பேர் என்னவென்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பொறுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார்.

எஞ்சினின் தலைப்பாகமும் உடம்பும் சேரும் இடத்தில், நடுவே ஒரு மெல்லிய தகடு வைப்பார்கள். பேக்கிங் என்று பேர். அது இருந்தால்தான் உள்ளே இருக்கிற தண்ணீரும் புகையும் அதனதன் இடத்தில் நிற்கும். நாளாக நாளாக அது வெந்து, கருகி, இரும்போடு இரும்பாக ஒட்டிப்போகும். பழையதைத் துளி மிச்சமில்லாமல் எடுத்தால்தான் புதியது உட்காரும். மற்ற மெக்கானிக்குகள் உளியை வைத்துச் சரட் சரட்டென்று சுரண்டித் தள்ளிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். இவர் உளியைக் கிட்டேயே சேர்க்க மாட்டார். என் முறத்திலிருந்து ஒரு மூங்கில் சிம்பை உருவிக்கொள்வார். எத்தனை முறம் அப்படிப் பாழாய்ப்போனது! ஓட்டைகளில் எல்லாம் என் பழைய சேலைத் துணியைத் திணிப்பார். "ஒரு பொடி உள்ள வுழுந்தாப் போச்சுங்கக்கா" என்பார். மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஊறவிட்டு, சிம்பால் ஓரம் ஓரமாக நிமிண்டுவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். மறுபடியும் நிமிண்டுவார்.

"பிடுங்கக் கூடாதுங்க. அதுவா வுடணும்."

கடைசித் துணுக்கு பெயர்ந்து வரும்போது, தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல மெல்ல, "வுட்டுருச்சு" என்பார். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஒரு நேரம்தான்.

எஞ்சினோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த மனுசன் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். ஒரு தடவை பல்வலி வந்து கன்னம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. தர்மபுரிக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வாங்க என்றால், "ஆடுதுங்கக்கா, அதுவா வுட்டுரும்" என்று கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டு திரிந்தார். பெண்டாட்டி விசயத்திலும் அதே கதை. ஏதோ மனத்தாங்கலில் அந்தப் பெண் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இவர் போய்க் கூப்பிடவே இல்லை.

"ஏங்க மேஸ்திரி, போயிக் கூட்டிக்கிட்டு வரக்கூடாதா?"

"இழுத்தா கோணிக்கும்க்கா. அதுவா வரட்டும்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "பொண்டாட்டி என்னா பேக்கிங்கா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சிம்பைச் சீவ ஆரம்பித்துவிட்டார். இந்த ஆளை வைத்துக்கொண்டு ஒரு பெண் எப்படிக் குடும்பம் நடத்துவாள் என்று அவளுக்காகவும் எனக்கு ஆத்திரம் வந்தது.

இதெல்லாம் சிரிப்புக் கதைகள். சிரிக்க முடியாத ஒரு கோடை எழுபதுகளில் வந்தது.

மழை பொய்த்துப்போன வருசம். கிணற்றின் அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அதை நம்பித்தான் எங்கள் வெற்றிலைக் கொடிக்கால். வெற்றிலைக்கொடி பச்சைப்பிள்ளை மாதிரி. ஒரு வேளை தண்ணீர் தவறினால் முகம் வாடும், தொடர்ந்து தவறினால் திரும்பாது. அந்தச் சமயம் பார்த்து எஞ்சின் வெள்ளைப் புகையாகக் கக்கி, இருமி, நின்றுவிட்டது. எங்கள் மாமா கேட்பாரா? குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் படியில் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, வெயிலென்றும் பார்க்காமல் கொடிக்குக் கொடி ஊற்றினார். அகத்தி மரத்தடியில் குடத்தோடு விழுந்து கிடந்தவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தோம்.

மாமா என்றால் மாமனார் மட்டும் இல்லை. என் அம்மாவின் கூடப்பிறந்தவர். அம்மா செத்தபோது நான் இடுப்பில் இருந்த பிள்ளையாம். தூக்கி வந்து வளர்த்து, மகனுக்கே கட்டி வைத்து, பக்கத்திலேயே வைத்துக்கொண்டவர். உலகத்தில் என்னைக் "கண்ணு" என்று கூப்பிட்டவர் அவர் ஒருத்தர்தான். அவர் போய்விட்டால் நான் இரண்டாம் தடவை தாயில்லாப் பிள்ளை.

காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. டவுனுக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். ஊசி போட்டு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். சர்ச்சிலிருந்து சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். கண் திறக்கவில்லை. தண்ணீர் கொடுத்தால் கடைவாயில் வழிந்தது. இடையிடையே ஒரே ஒரு முனகல்தான்: "தண்ணி பாஞ்சுதா?"

மாமாவின் அக்கா, என் பெரியம்மா, செய்தி கேட்டு வந்து இறங்கினாள். நல்லவள்தான். தம்பி என்றால் உயிர். ஆனால் வந்த வேகத்தில் கட்டிலைப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

"இழுத்துக்கிட்டுக் கெடக்கறான்டி. மண்ணாசை. கொடிக்கா மண்ணை ஒரு பிடி கரைச்சு வாயில ஊத்துனா நிம்மதியாப் போயிருவான்."

"தண்ணியே தொண்டையில எறங்கல பெரியம்மா. மண்ணு எங்க எறங்கும்?"

"எறங்கத் தேவையில்லடி" என்றாள்.

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். காசாசை இருந்தால் காசை உரசி ஊற்றுவார்கள், மண்ணாசை என்றால் மண். ஆனால் மூச்சே நூலாக ஓடிக்கொண்டிருக்கிற மனுசன் வாயில் கலங்கல் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"நாளைக்குப் பாக்கலாம் பெரியம்மா" என்று கெஞ்சி அன்றைக்குத் தள்ளிப்போட்டேன்.

மேஸ்திரி ஏற்கெனவே வந்து எஞ்சினைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார். நட்டெல்லாம் கழற்றியாகிவிட்டது. ஆனால் தலைப்பாகம் வரவில்லை. முன்னால் வேலை பார்த்த எவனோ பேக்கிங்குக்கு இரண்டு பக்கமும் அரக்கைப் பூசி ஒட்டிவிட்டிருந்தான். மண்ணெண்ணெய் விட்டார். ஊறவிட்டார். மரக்கட்டையால் சுற்றிலும் தட்டினார். மறுபடியும் ஊறவிட்டார். பொழுது போனது. வெற்றிலை ஓரம் சுருளத் தொடங்கியது.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் கடப்பாரையோடு போய் நின்றார். "தள்ளிக்க மேஸ்திரி. ஒரு நெம்பு நெம்புனா வந்துரும்."

"பேடண்ணா! பேடா!" மேஸ்திரி கன்னடத்தில் வேண்டாம் வேண்டாமென்று சொல்லிக்கொண்டே எஞ்சின்மேல் கவிழ்ந்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். "வந்துரும். ஒடைஞ்சுதான் வரும். வாயி ஒடைஞ்சாப் பொறவு எஞ்சினே இல்லீங்க."

கட்டிலை விட்டு வந்த எனக்கு அதைப் பார்த்ததும் மண்டைக்கு ஏறிவிட்டது. "மேஸ்திரி, உங்களுக்கு மனுச உசுரு பெருசா, இரும்பு பெருசா? அங்க ஒருத்தரு தண்ணி தண்ணின்னு போயிக்கிட்டிருக்காரு. இங்க நீங்க இரும்பைக் கட்டிப் புடிச்சுக்கிட்டிருக்கீங்க!"

அவர் நிமிர்ந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. "எனக்கும் பயம்தாங்கக்கா. பயத்துல கை வச்சா அது வேற மாதிரி வரும்."

இத்தனை வருசம் நிதானம் நிதானம் என்று நான் திட்டியதெல்லாம் பயமா? வேலையில் பாதி நேரம் அவர் சும்மா உட்கார்ந்திருந்தது கை நடுக்கம் அடங்கவா? நான் கட்டிலண்டைக்குத் திரும்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே பின்வாசலுக்கு வந்தார். "அக்கா, அரக்கு சூட்டுக்குத்தான் எளகும். நெருப்புக் காட்டுனா இரும்பு வெடிச்சுரும். சுடுதண்ணி வேணும். மொதல்ல வெதுவெதுன்னு, அப்பறம் கொஞ்சம் கொஞ்சமாச் சூடு ஏத்திக் குடுங்க. எஞ்சின் வயித்துல ஊத்தி ஊத்தி எறக்கிப் பாக்கறேன்."

வாசலில் கல்லைக் கூட்டி பெரிய அண்டாவை ஏற்றினேன். விறகு தள்ளினேன். குடம் குடமாகக் கிணற்றடிக்குச் சுமந்தேன். ஒவ்வொரு தடவை குடத்தைத் தூக்கும்போதும் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். கட்டிலண்டையில் பெரியம்மா. நான் திரும்பி வருவதற்குள் ஊற்றிவிடுவாளோ? வீட்டிலிருந்த தம்ளர், கிண்ணம் எல்லாவற்றையும் எடுத்து மேல் பரணில் போட்டேன். பைத்தியக்காரத்தனம்தான். ஊற்றுவதற்கு உள்ளங்கை போதாதா? குடத்தை இறக்கியதும் ஓடி வந்து மாமாவின் மூக்கருகே கை வைத்துப் பார்ப்பேன். மூச்சு படும். மறுபடி குடத்தைத் தூக்குவேன்.

தெருவில் போனவர்கள் அண்டாவைப் பார்த்துப் பார்த்துப் போனார்கள். சாகக் கிடக்கிற வீட்டில் வாசலில் அண்டா ஏறினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி மெல்ல வந்து, "தண்ணி வச்சுட்டீங்களா?" என்று காதோடு கேட்டாள்.

"எஞ்சினுக்குங்க!" என்று கத்தினேன்.

எஞ்சினைக் குளிப்பாட்டுவார்களா? என்னைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். கோயிலில் ஜெபம் சொல்லி மணியடிக்கும் உபதேசியார் போகிற வழியில் நின்று, அண்டாவைப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு நடந்தார். எனக்கு யாருக்கும் பதில் சொல்ல நேரமில்லை.

உச்சி சாய்ந்த நேரம். நன்றாகக் கொதித்த தண்ணீரோடு நான் போகும்போது பெரியம்மா கட்டிலண்டையில் இல்லை. கொல்லைக்குப் போயிருப்பாள், வருவதற்குள் வந்துவிடலாம் என்று ஓடினேன். மாமா தனியாகக் கிடந்தார்.

மேஸ்திரி தண்ணீரை ஊற்றினார். காத்திருந்தார். மூங்கில் ஆப்பு ஒன்றை இடுக்கில் வைத்து மரக்கட்டையால் மெல்லத் தட்டினார். ஒன்றுமில்லை. இன்னொரு பக்கம் தட்டினார். சொத்தென்று ஒரு சின்னச் சத்தம். தலைப்பாகம் ஓரத்தில் ஒரு மயிரிழை எழும்பியது. அவரும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். அது முழுசாக, ஒரு கீறல் இல்லாமல், கையோடு வந்தது.

ஆயுசுக்கும் சத்தம் போட்டுப் பேசாத மனுசன் அன்றைக்குக் கத்தினார். "வுட்டுருச்சு! அக்கா, வுட்டுருச்சு!"

என் வீட்டுக்காரர் கிணற்று மேட்டில் ஏறி நின்று வீட்டைப் பார்த்துக் கத்தினார். "வுட்டுருச்சு! வுட்டுருச்சு!"

கொடிக்காலுக்குள்ளிருந்து ஒரு அலறல் எழுந்தது. "ஐயோ, எம் பொறந்தவனே!"

பெரியம்மாவின் குரல். அது தெருவைப் பார்த்து ஓடியது. தெருவிலிருந்து இன்னொரு குரல் சேர்ந்தது. அப்புறம் பல குரல். கொஞ்ச நேரத்தில் கோயில் மணி. ஒவ்வொன்றாக, விட்டு விட்டு, சாவு மணி.

எங்கள் பேச்சில் மழை நின்றாலும் வுட்டுருச்சு, காய்ச்சல் தணிந்தாலும் வுட்டுருச்சு, ஒட்டினது பெயர்ந்தாலும் வுட்டுருச்சு. உயிர் போனாலும் அதே சொல்தான். இதை இன்றைக்கு நிதானமாகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. நான் இல்லாத நேரம் பார்த்து ஊற்றிவிட்டாள். மாமா போய்விட்டார். காலி குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வரப்பில் விழுந்து எழுந்து ஓடினேன். வாசல் முழுக்கக் கூட்டம். பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பெரியம்மா மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். அடித்த கை மூடியிருந்தது. விரலிடுக்கில் மண் உதிர்ந்தது. காய்ந்த மண். கரைக்காத மண்.

ஒருத்தரும் உள்ளே போய்ப் பார்த்திருக்கவில்லை. பெண்களை உதறிவிட்டு உள்ளே ஓடினேன்.

மாமா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆருக்கு கண்ணு மணி அடிக்குது?"

எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "எஞ்சினுக்கு மாமா."

அவர் கொஞ்சம் யோசித்தார். "எஞ்சினுக்கு எதுக்குடி மணி?"

அவர் காலைப் பிடித்துக்கொண்டு கதறினேன். வாசலில் இருந்தவர்கள் அதைக் கேட்டு இன்னும் பலமாக அழுதார்கள்.

உண்மை வெளியே தெரிந்தபோது பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை. கை மண்ணை எடுத்துக்கொண்டு போய் ஒரு கொடியடியில் போட்டுவிட்டு வந்து தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். மண் என்ற பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. உபதேசியார் மட்டும் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "அடிச்ச மணிய எப்பிடிம்மா திருப்பி வாங்கறது?"

கிணற்றடிக்குப் போனேன். மேஸ்திரி எஞ்சின் பக்கத்தில் வெளுத்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். மணி சத்தம் கேட்டதிலிருந்து அசையவில்லை போல.

"அக்கா, நான் பேக்கிங்கைத்தாங்க சொன்னேன்."

"தெரியும் மேஸ்திரி. மாமா கண்ணைத் தொறந்துட்டாரு. பேசறாரு. நீங்க வேலையப் பாருங்க."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பழைய பேக்கிங் பாதி தலையிலும் பாதி உடம்பிலுமாக ஒட்டியிருந்தது. ஓட்டைகளில் துணியைத் திணித்தார். சிம்பை எடுத்தார். சாவுக்கு வந்த கூட்டம் ஒவ்வொருவராகக் கிணற்றடிக்கு வந்து சுற்றிலும் உட்கார்ந்தது. ஒருவர் கையில் மாலைகூட இருந்தது. மேஸ்திரி ஓரம் ஓரமாக நிமிண்டினார், தடவினார், மறுபடி நிமிண்டினார். அன்றைக்கு ஒருத்தரும் அவரை அவசரப்படுத்தவில்லை. சாவு வீட்டுக்கு வருபவர்களுக்கு உட்கார்ந்திருக்கத் தெரியும். கடைசித் துணுக்கு பெயர்ந்தபோது எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறக்கவே இல்லை. விரலால் தொட்டுக் காட்டினார்.

பொழுது இறங்குவதற்குள் எஞ்சின் ஓடியது. கொடிக்கால் வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் வீட்டுக்குள் வந்ததும் மாமாவின் விரல் கட்டில் சட்டத்தில் மெல்லத் தட்டியது. அன்றைக்குக் கொஞ்சம் கஞ்சித் தண்ணீர் தொண்டையில் இறங்கியது. காய்ச்சல் போனபோது பெரியம்மா ஆசையாக, "வுட்டு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டு, "எறங்கிருச்சு" என்றாள்.

அதற்கப்புறம் மேஸ்திரி அந்தச் சொல்லை எங்கள் நிலத்தில் சொன்னதில்லை. "வந்துருச்சுங்க" என்பார். அதையும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் சொல்லுவார்.

அந்தக் கொடிக்கால் பிழைத்தது. முதல் கிள்ளின வெற்றிலையில் ஒரு கட்டு அவர் கையில் கொடுத்தேன். "மேஸ்திரி, அரக்கு சும்மா இருந்தா எளகுச்சா? சுடுதண்ணி ஊத்தத்தான எளகுச்சு? இதைக் கொண்டுபோயி வச்சு உங்க வூட்டம்மாவைக் கூப்புடுங்க."

போனார். தனியாகத்தான் திரும்பினார். அந்தப் பெண் எப்போதோ வேறொருவரோடு வாழப் போய்விட்டிருந்தாள். "நேரமாயிருச்சுங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு எஞ்சின்மேல் கை வைத்துச் சூடு பார்த்தார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். இந்த மனுசன் ஒரு சைக்கிளைத்தான் ஆண்டார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

மாமா அதன்பின் சில வருசம் இருந்தார். சண்டை போட்டார், வெற்றிலை போட்டார், தன் சாவு மணியைத் தானே கேட்ட கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். ஒருநாள் முற்பகல். வாசல் நிழலில் கட்டிலில் படுத்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி ஏதோ சின்ன வேலைக்கு வந்திருந்தார். "தண்ணி பாயுதா கண்ணு?" என்று மாமா கேட்டார். "பாயுது மாமா" என்றேன். சரி என்பதுபோலக் கண்ணை மூடினார். மூக்கருகே கை வைத்துப் பார்த்தேன். எதுவும் படவில்லை.

கிணற்றடிக்கு நடந்தேன். சொல்ல வேண்டும். என்ன சொல்லைச் சொல்வது? வாய் திறந்தேன், வரவில்லை. என் வீட்டுக்காரர் கொடிக்காலின் அந்தக் கோடியில் மடை கட்டிக்கொண்டிருந்தார். மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் அவர் காத்திருக்காமல் ஒன்றைச் செய்ததைப் பார்த்தேன். எட்டி எஞ்சினை நிறுத்தினார்.

சத்தம் நின்றது. கொடிக்கால் அந்தக் கோடியில் என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு நடந்து வந்தார்.

இந்தத் தடவை உபதேசியார் நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் மணி அடிக்கப் போனார். முதல் மணி விழுந்தபோது மேஸ்திரி கொஞ்சம் தள்ளி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தாளி, அக்கா" என்றார்.

எனக்குத் தாளவில்லை.